கொட்டிலில் நின்ற உழவு இயந்திரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதியோர் அரசர்களையும் கோயில்களையும் பாடசாலைகளையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். உழைப்புக் கருவிகளைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. துலாவுக்கும் பட்டைக்கும் ஏர்க்கலப்பைக்குமாவது நாட்டார் வழக்காற்றுக் கட்டுரைகளில் ஓர் இடம் கிடைத்தது. உழவு இயந்திரத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வலிகாமத்து ஊர்களில் பழைய வளவுகளின் பின்புறம் போய்ப் பார்த்தால், தகரக் கொட்டிலுக்குள் டயர் வெடித்து, துரு ஏறி, கோழிகள் அடையும் இடமாகிப்போன உழவு இயந்திரம் ஒன்றை இன்றும் காணலாம். அது எந்த ஆண்டில் நின்றது, ஏன் நின்றது என்ற இரு கேள்விகளைக் கேட்டால் போதும். எமது பிரதேசத்தின் அரை நூற்றாண்டு வரலாறு அதற்குள்ளிருந்து வெளிவரும்.

நீர்வேலியில் எமது குடும்பத்துக்குச் சொந்தமான மாசி பெர்குசன் 35 இயந்திரம் இருபத்தேழு ஆண்டுகள் கொட்டிலில் நின்று, 2023 இல் மீண்டும் இயங்கியது. அதனை ஆதாரமாகக் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். குடும்பப் பெருமை பேசுவது நோக்கமன்று. இந்த இயந்திரத்தின் கதை ஒரு கட்டத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களின் கதையோடு பிணைகிறது. அந்தப் பிணைப்பு எழுதப்படவில்லை என்பதே இதனை எழுதத் தூண்டியது.

செம்மண்ணும் இயந்திரமும்

வலிகாமத்தின் செம்மண் வளமானது. ஆனால் ஆழம் குறைந்தது. அதன் கீழே சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கித் தேங்குகிறது. அதனைக் கிணற்றிலிருந்து எடுத்தே தோட்டம் செய்யப்பட்டது. துலா காலத்தில் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் கட்ட, மூவரின் உழைப்பில் ஓர் இறைப்பு நடந்தது. காணியோ பரப்புக் கணக்கில் அளக்கப்படுவது. பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். இவ்வளவு சிறிய துண்டுகளில், வேலிகளுக்கிடையே, பெரிய உழவு இயந்திரத்துக்கு அதிக வேலையில்லை. ஆகவே 1950களில் எமது தோட்டங்களுக்குள் முதலில் நுழைந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடிய நீர் இறைக்கும் இயந்திரமே.

அவ்வாறாயின் நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் ஏன் வாங்கப்பட்டன? விடை ஆனையிறவுக்கு அப்பால் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழும் பரந்தன், கிளிநொச்சிப் பகுதிகளிலும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் பலவற்றுக்கு வயற்காணிகள் இருந்தன. தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வாழையும், வன்னியில் நெல். உழவு இயந்திரம் இவ்விரண்டுக்கும் இடையே ஓடியது. காலபோகத்துக்கு உழுதது. அறுவடையின் பின் கதிரின்மேல் சுற்றிச்சுற்றி ஓடிச் சூடு அடித்தது. பெட்டியைக் கொழுவினால் நெல் மூடையும் விறகும் வைக்கோலும் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தன. திருவிழாக் காலங்களில் அதே பெட்டியில் ஆட்களும் ஏறினர்.

மாசி பெர்குசன் 35 இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரில் 1950களின் பிற்பகுதியில் தயாரிக்கப்படத் தொடங்கியது. ஹரி பெர்குசன் வடிவமைத்த மூன்று புள்ளி இணைப்பும் எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் முறையும் இதன் சிறப்புகள். பாரமான இரும்புக்குப் பதிலாக இணைப்பின் நுட்பத்தால் மண்ணைப் பிடித்து உழுத இயந்திரம் அது. எங்களுடையது மூன்று சிலிண்டர் கொண்ட பேர்கின்ஸ் டீசல் எஞ்சினுடன் வந்தது. அதன் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து உள்ளது. 1957 இல் அவ்வெழுத்துத் தகடுகளில் கட்டாயமாக்கப்பட்டபோது வடக்கில் தார் பூசி அழிக்கும் போராட்டம் நடந்தது. அரசியல் வரலாற்றைப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை என்பதற்கு இத்தகடும் ஒரு சான்று.

தோட்டத் துண்டுகளுக்கு ஏற்ற இரண்டு சில்லு இயந்திரத்தின் வரலாறு இன்னும் நெருக்கமானது. நாம் இன்றும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றழைப்பதை 1950களில் வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளரான றே விஜேவர்தன. பிரித்தானிய நிறுவனமொன்று அதனைத் தயாரித்து ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பியது. நாம் எருமையைத்தான் இயந்திரமாக்கினோம், விவசாயத்தைப் புதிதாகச் சிந்திக்கவில்லை எனப் பின்னாளில் அவரே சொன்னார். 2010 இல் மறையும்வரை மண் பாதுகாப்பைப் பற்றியே அதிகம் பேசினார். ஆழமற்ற எமது செம்மண்ணுக்கு அவரது எச்சரிக்கை பொருந்தும்.

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் என்றுமில்லாதவாறு காசு புழங்கியது. கல்வீடுகள் எழுந்தன. நீர் இறைக்கும் இயந்திரங்களும் லாண்ட்மாஸ்டர்களும் பெருகின. எனது பேரனார் எங்கள் இயந்திரத்தை இன்னொருவரிடமிருந்து வாங்கியதும் அக்காலத்து வெங்காயக் காசில்தான். 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட அந்த வளம் சுருங்கிற்று. ஆயினும் வாங்கிய இயந்திரங்கள் இருந்தன. அவற்றை ஓடவைப்பதே அடுத்த வேலையாயிற்று.

சோனகதெருவும் தோட்டக் காணியும்

உழவு இயந்திரம் தனியே ஓடுவதில்லை. டீசல் தருபவர், பட்டறையில் கலப்பைக் கொழுவைத் தட்டித் தருபவர், கடைச்சல் வேலை செய்பவர், கராஜ்காரர், இரும்புச் சாமான் விற்பவர், விளைந்ததைக் கொழும்புக்கு ஏற்றும் லொறிக்காரர் என ஒரு சங்கிலியே அதனை ஓட்டுகிறது. யாழ்ப்பாண நகரில் இச்சங்கிலியின் முக்கியமான கண்ணிகள் சில முஸ்லிம்களிடம் இருந்தன. சோனகதெருவையும் அதனை அண்டிய பகுதிகளையும் சேர்ந்தோர் தையல், நகை, இறைச்சி வணிகங்களோடு இரும்புச் சாமான், பழைய இரும்பு, லொறிப் போக்குவரத்து ஆகியவற்றிலும் நிலைபெற்றிருந்தனர்.

தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். போல்ட் ஒன்று வேண்டுமென்றால் பழையதைக் கையிலெடுத்துக்கொண்டு பஸ்சேறிப் பட்டணம் போவார்களாம். கடைக்காரர் அதை விரலால் உருட்டிப் பார்த்தே அளவு சொல்லுவாராம். சரியான சாமான் இல்லாவிடில் பழைய லொறியொன்றின் பாகத்தை எடுத்துத் தந்து, எந்தக் கடைச்சல் பட்டறையில் கொடுத்து எவ்வளவு குறைக்க வேண்டுமென்றும் சொல்லி அனுப்புவாராம். காசு குறைந்தால் கொப்பியில் எழுதிக்கொள்வார். வெங்காயம் விற்றதும் கொடுக்கப்படும். இதனை நட்பு என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. அது வியாபாரம். ஆனால் பல ஆண்டுகளாக ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி நடந்த வியாபாரம். எவரும் அதனைப் பாடப்புத்தகத்தில் எழுதவில்லை. கடைக் கொப்பிகளில் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

இரண்டு ஒக்டோபர்கள்

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி அந்தக் கொப்பிகள் மூடப்பட்டன. யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தின் பிற்பகுதியில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் தொகை சுமார் 75,000 என்பர். வீடும் கடையும் நகையும் பள்ளிவாசலும் விட்டுச் சென்றவற்றின் பட்டியலில் சேர்ந்தன. இவ்வாசகர்களுக்கு அந்நாளை விவரிக்க வேண்டிய தேவை எனக்கில்லை. சொல்லவேண்டியது வேறொன்று. அன்று யாழ்ப்பாணத் தமிழர் பெரும்பாலும் மௌனமாக இருந்தனர். அச்சம் ஒரு காரணம். அதுமட்டுமே காரணமென்று சொன்னால் வரலாறு ஏற்காது.

அதே காலத்தில் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் என நீண்டது தடைப்பட்டியல். மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. திருத்த வேலைக்காகப் பரந்தனிலிருந்து நீர்வேலிக்கு வந்திருந்த எங்கள் இயந்திரம் மீண்டும் வயலுக்குப் போகவில்லை. தடையை அரசாங்கம் விதித்தது. உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்ற அறிவைச் சுமந்த மனிதர்களையோ நாமிருந்த மண்ணிலேயே அனுப்பிவிட்டிருந்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்தே குடாநாட்டின் இயந்திரங்களை நிறுத்தின. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசியது குறைவு.

அக்காலத்தில் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களுக்குச் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். டீசல் எஞ்சினையும் மண்ணெண்ணெயில் ஓட்டலாம். ஆனால் டீசலில் ஒரு வழுவழுப்பு உண்டு. எரிபொருளை அழுத்தி அனுப்பும் பம்புக்கு அந்த டீசலேதான் எண்ணெயும். மண்ணெண்ணெய் நீர்த்தது. அது ஓடஓடப் பம்பின் உட்பாகங்கள் உராய்ந்து தேயும். எங்கள் இயந்திரத்தின் பம்பும் அவ்வாறே தேய்ந்தது.

1995 ஒக்டோபர் 17 ஆம் திகதி இராணுவத்தின் ‘ரிவிரெச’ நடவடிக்கை தொடங்கியது. போர்முனை அச்சுவேலி, புத்தூர் வழியாக நீர்வேலியை நெருங்க எமது ஊரவர் வெளியேறத் தொடங்கினர். ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. மழையில், இருளில், இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நாவற்குழிப் பாலத்தினூடாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். சைக்கிள்களுக்கு நடுவே லாண்ட்மாஸ்டர்களும் உழவு இயந்திரங்களும் நகர்ந்தன. எங்கள் இயந்திரம் நான்கு குடும்பங்களைப் பெட்டியில் ஏற்றிச் சென்றது. எனக்கு அப்போது பதினைந்து வயது. 1996 இல் மக்கள் திரும்பியபோது அதனை இன்னொரு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அன்று கொட்டிலுக்குள் போனது.

ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரே திகதியில் நடந்த இரு வெளியேற்றங்களை ஒப்பிடுவோர் உண்டு. நானும் மேடைகளில் கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாம் போர்முனையிலிருந்து ஓடினோம். ஆறு மாதத்தில் பலர் வீடு திரும்பினோம். முஸ்லிம்களை ஒரே மொழி பேசியவர்கள் ஆயுத முனையில் அனுப்பினார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்குத் திரும்பும் வழி பத்தாண்டுகளுக்கு மேலாகத் திறக்கவில்லை. திறந்தபோதும் வீட்டுக்குக் கூரையும் காணிக்கு உறுதியும் பிள்ளைக்குப் பாடசாலையும் தேடவேண்டியிருந்தது.

நின்ற காலம்

2002 இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் மாதம் மீண்டும் மூடியது. இடைப்பட்ட காலத்தில் இயந்திரத்தைத் திருத்தலாமென்று பேச்செழுந்தது. பேரனார் காலமாகியிருந்தார், பங்காளிகள் வெளிநாட்டில். ஒருவருக்கும் உரிமையில்லாப் பொருளை ஒருவரும் திருத்தவில்லை. 2009 இல் போர் முடிந்தபின் வன்னியில் துருவேறிய வாகனக் குவியல்களைக் கண்டோம். கடைசிவரை சனங்களையும் பொருள்களையும் சுமந்த உழவு இயந்திரங்கள் அவற்றுள் எத்தனையோ. இந்திய அரசு வடமாகாண விவசாயிகளுக்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. குத்தகை நிறுவனங்கள் ஊரூராக வந்து புதிய இயந்திரங்களைக் கடனில் கொடுத்தன. பழையவை நிறைக்கு விற்கப்படும் இரும்பாயின.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா சரிந்தது. புதிய இயந்திரம் சாதாரண விவசாயிக்கு எட்டாத பொருளாயிற்று. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசை. நெருக்கடி சற்றுத் தணிந்ததும், கொட்டில்களில் நின்றவற்றை ஊரவர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினர். நாங்களும் பார்த்தோம்.

மீண்டும் இயங்கியது

“மாஸ்டர், உடன ஸ்ராட் பண்ண மட்டும் நினையாதேங்கோ” என்பதே வந்த மெக்கானிக் சொன்ன முதல் வார்த்தை. நீண்டகாலம் நின்ற எஞ்சினை அவசரப்பட்டுச் சுழற்றினால் துருப்பிடித்த பிஸ்டன் வளையங்கள் உடையும், சிலிண்டர் கீறுப்படும். முதலில் எலிக்கூடுகளை அகற்றினோம். அடித்தட்டின் ஆணியைக் கழற்ற, எண்ணெய்க்கு முன்னதாகத் தண்ணீர் வந்தது. இன்ஜெக்டர்கள் மூன்றையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டோம். பின்னர் முன்பக்கக் கப்பியில் சாவி போட்டு மெல்ல அசைக்க, பதினோராம் நாள் கால் சுற்றுச் சுழன்றது. மறுநாள் முழுச்சுற்று.

டீசல் தாங்கியின் அடியில் துருவும் சளிபோன்ற கசடும். தாங்கியைக் கழுவி, குழாய்களை ஊதி, வடிகளை மாற்றினோம். கிளச் தட்டு துருவினால் ஒட்டிப்போயிருந்தது. அதன் மிதியை அமுக்கி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து, பல நாள் அப்படியே விட்டபின்தான் விடுபட்டது. பின் டயர்களுக்கே கூடிய செலவு. மாசி பெர்குசன் வகை இயந்திரங்களைச் சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் தயாரித்து வந்தமையால், கொவன்ட்ரித் தொழிற்சாலை 2002 இன் இறுதியில் உற்பத்தியை நிறுத்திய பின்னரும் பல பாகங்கள் கிடைக்கின்றன.

கிடைக்காமல் நின்றது தேய்ந்துபோன டீசல் பம்புதான். புதியதன் விலை கைக்கு எட்டவில்லை. ஊருக்குள் பழைய இரும்பு எடுக்க வரும் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். அவர் சோனகதெருவைச் சேர்ந்தவர். 1990 இல் அவருக்கும் எனக்கும் ஒரே வயது: பத்து. புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, போர் முடிந்தபின் திரும்பி, இங்கே பழைய இரும்பு சேகரித்துப் பிழைக்கிறார். திரும்பி வந்த பலருக்கு இதுவே தொழிலாயிற்று. மூன்று கிழமை கழித்து, உடைந்த இயந்திரமொன்றிலிருந்து கழற்றிய பம்பொன்றைச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்தார். விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. “வாப்பாட கடையில இது எண்டா ராக்கையில புதுசா இருந்திருக்கும் மாஸ்டர்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பம்பைத் திருத்திப் பூட்டி, குழாய்களின் காற்றை எடுத்து, புதிய பற்றரி பொருத்தினோம். எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்தால் காற்று போகும் வாயை அடைக்க ஒருவர் பலகையோடு நின்றார். நாலாம் முறை வெள்ளைப் புகை கக்கி இயங்கியது. மெக்கானிக் எஞ்சினைப் பார்க்கவில்லை. ஒயில் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் எழுந்த பின்தான் சிரித்தார். இன்று அவ்வியந்திரம் மழைக்கு முன் அயலவர் காணிகளை உழுகிறது. பெட்டியில் வாழைக்குலை ஏற்றுகிறது.

இரும்பை இயங்கவைக்கும் வழி தெரிந்தவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த இரும்பைச் சூழ்ந்திருந்த சங்கிலியை மீட்பது வேறு வேலை. அது நினைவை ஆவணமாக்குவதில் தொடங்க வேண்டும். தமிழ் விவசாயிகளின் வீடுகளில் பழைய பற்றுச்சீட்டுகளும் வாகனப் பதிவுப் புத்தகங்களும் இன்னும் கிடக்கின்றன. புத்தளத்திலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் அந்நாளைய வணிகர்களின் நினைவில் வலிகாமத்துத் தோட்டக்காரர்களின் பெயர்களும் கடன் கணக்குகளும் இருக்கும். அவர்களுள் பலர் எழுபது கடந்தவர்கள். பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் வெளியேற்றத்தையும் இழப்பையும் ஆவணப்படுத்தத் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். வெளியேற்றத்துக்கு முந்திய அன்றாட வாழ்வை, யார் யாருக்கு எதை விற்றார், யாரிடம் எது கற்றார் என்பதை, எழுத வேண்டியவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறோம்.

எனது பாடசாலையில் இவ்வாண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துள்ளேன். வீட்டில் நின்றுபோன இயந்திரம் ஒன்றைத் தேடி, அது எப்போது வாங்கப்பட்டது, யார் திருத்தினார், சாமான் எங்கே வாங்கினார்கள், எந்த நாளில் நின்றது என்று மூத்தோரிடம் கேட்டு எழுத வேண்டும். வந்த ஒப்படைகளுள் ஏழில் சோனகதெருக் கடைகள் குறிப்பிடப்பட்டுள்ளன. மூன்றில் கடைக்காரரின் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர்களுக்குரியோரின் பிள்ளைகள் இதனை வாசிக்கக்கூடும். அவர்கள் பக்கத்துக் கொப்பிகளில் எமது பேரனார்களின் பெயர்கள் இருந்தால் எழுதி அனுப்புவார்களாக.